அரைப் பேரும் ஆகாய மைலும்



பதுளைக்குப் போய் வந்தவர்கள் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதுவார்கள். எல்லயின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி எழுதுவார்கள். இரண்டும் எழுதத்தக்கவைதாம். ஆனால் இம்முறை உங்களிடம் நான் சொல்ல வந்தது ஊவா மக்கள் செய்யும் வேறொரு பயணத்தைப் பற்றி. இரவோடிரவாக வேனில் மலையிறங்கி, கட்டுநாயக்கவில் விமானமேறி, ரியாதுக்கும் தோஹாவுக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் போகிறார்களே, அந்தப் பயணம். அந்தப் பயணத்துக்காக அவர்கள் கணக்கில் சேரவேண்டிய ஒரு சிறு பொருள் பெரும்பாலும் சேராமலே போய்விடுகிறது. அது எப்படிச் சேரும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயிலில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். பாதையை ஒரே மூச்சில் போடவில்லை. 1894இல் பண்டாரவளை வரை வந்து நின்றது. பதுளைக்கு வந்து சேர மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1921இல் ஒன்பது வளைவுப் பாலம், 1924இல் பதுளை நிலையம். தெமோதரையில் மலையின் சரிவு ரயிலுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே பாதையை ஒரு வட்டம் சுற்ற விட்டு, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகக் கொண்டு போயிருக்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த இடத்தில் அவர்களைத் தூங்க விடாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தில் கடுமையான மண்சரிவுகளை உண்டாக்கியது. மலையக ரயில் பாதையும் சேதமுற்றது. எனவே புறப்படுமுன் ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

பதுளை நகரைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் தேயிலைதான். ஹாலிஎல, தெமோதரை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். மேலே ஹப்புத்தளைக்குப் போனால் சேர் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பேதன்ன தொழிற்சாலை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்த மலைச் சரிவுகளில் வரண்ட காற்று வீசும். அந்தக் காற்றில் துளிர்க்கும் கொழுந்துக்கு வருகிற மணம்தான் ஊவாத் தேயிலைக்கு உலகில் பெயர் வாங்கிக் கொடுத்தது. இடையிடையே வெலிமடைப் பக்கம் குருத்தலாவை, சில்மியாபுர போன்ற முஸ்லிம் ஊர்கள். பதுளை, பண்டாரவளை, பசறை நகரங்களில் நம்மவர்களின் புடவைக் கடைகளும் பலசரக்குக் கடைகளும். தோட்டத்துக்கும் நம் கடைகளுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததல்ல. சம்பள நாளில் அந்தக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள், தெரியும்.

தோட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் நான் சொல்ல வரும் விஷயம் பாதி புரிந்துவிடும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டம் நிர்ணயித்து வைத்திருக்கும். அதற்கு ‘நோம்’ என்று பெயர். கொழுந்து மடுவத்துத் தராசில் அந்த அளவு நின்றால் அன்றைக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மேலே போனால் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. பகல் முழுக்க அட்டைக் கடியிலும் மழையிலும் நின்ற பெண்ணின் உழைப்பு, செக்றோலில் விழும் அந்தப் பேரில்தான் இருக்கிறது. பேர் விழாத நாள் உழைக்காத நாளாகவே கணக்கில் நிற்கும். ஆகவே மடுவத்தில் தராசு முள்ளை ஒவ்வொருத்தியும் கண்கொட்டாமல் பார்ப்பாள்.

அதே பெண்தான் விமானத்தில் போகும்போது எந்தப் பேரும் விழாமல் போய் வருகிறாள்!

அவர்களின் மூதாதையர் வந்த பயணத்துக்குக் கணக்கு இருந்தது. ஆனால் அது கடன் கணக்கு. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளிக்கு வழிச் செலவை முன்பணமாகக் கொடுத்து, அதை அவர் தலையில் எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்து எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த ஒரு தகரவில்லையைக் கழுத்தில் கட்டிவிட்டு அனுப்பும் முறையும் வந்தது. அதுதான் அவர்களுக்கு டிக்கட். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் இருக்கிற கடனை எழுதிய ‘துண்டு’ கூடவே போகும். 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பயணம் என்றால் யாரோ ஒருவருடைய புத்தகத்தில் நம் பெயருக்கு நேரே கடன் ஏறும் என்பதுதான் அந்த மக்கள் அறிந்த வரலாறு. நம் பெயருக்கு வரவு ஏறும் பயணமும் உண்டு என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆனால் உண்டு. அதுவும் தேயிலை வியாபாரத்துக்குப் பழக்கமான ஒரு தந்திரத்தின் தம்பிதான் அது. இங்கிலாந்தில் புரூக் பொண்ட் கம்பனி விற்ற ‘டிவிடெண்ட்’ தேயிலைப் பெட்டியில் ஒரு முத்திரை இருக்கும். வீட்டுப் பெண்கள் அதை வெட்டி ஒரு அட்டையில் ஒட்டுவார்கள். அட்டை நிரம்பினால் கடையில் காசு கிடைக்கும். திரும்பத் திரும்ப அதே தேயிலையை வாங்க வைக்கும் வழி. இதையே விமானக் கம்பனிகள் பிடித்துக்கொண்டன. 1981 மே மாதம் அமெரிக்கன் எயார்லைன்ஸ் பெரிய அளவில் தொடங்கிவைத்தது: எங்கள் விமானத்தில் பறந்த மைல்களை உங்கள் பெயரில் எழுதி வைக்கிறோம், போதிய அளவு சேர்ந்தால் ஒரு டிக்கட் தருகிறோம் என்றது. மற்றக் கம்பனிகளும் பின்னாலேயே வந்தன. 2000ஆம் ஆண்டில் எமிரேட்ஸும் அப்போது அதனோடு இணைந்திருந்த ஸ்ரீலங்கனும் சேர்ந்து ‘ஸ்கைவார்ட்ஸ்’ திட்டத்தைத் தொடங்கின. 2008இல் அந்த இணைப்பு முடிந்தது. இன்று எமிரேட்ஸுக்கு ஸ்கைவார்ட்ஸ், ஸ்ரீலங்கனுக்கு ‘ஃப்ளைஸ்மைல்ஸ்’, கட்டார் எயார்வேஸுக்கு ‘பிரிவிலேஜ் கிளப்’. கட்டார் தன் மைலை ‘ஏவியோஸ்’ என்று அழைக்கிறது. பெயர்தான் வேறு, சங்கதி ஒன்றே.

இவற்றில் சேர ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அதைவிட முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள்: டிக்கட்டுக்குக் காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும், மைல் சேர்வது ஆசனத்தில் உட்கார்ந்து பறந்தவர் பெயரில்தான். வீட்டு எஜமானர் எடுத்துக் கொடுத்த டிக்கட்டானாலும், கம்பனி கொடுத்த விடுமுறை டிக்கட்டானாலும் விமானக் கம்பனியின் பார்வையில் மைல் பயணியினுடையது. (வேலை தரும் கம்பனி இதுபற்றித் தனி நிபந்தனை வைத்திருந்தால் அதற்குக் கட்டுப்படுவது அமானிதம்.) அப்படியிருந்தும் ஏன் சேர்வதில்லை? எண் கொடுக்காததால். எண் இல்லாத பயணிக்கு மைல் எழுத அவர்களிடம் ஏடு இல்லை. தானாக யாரும் கூப்பிட்டுத் தருவதும் இல்லை.

ஆகவே தொடங்குவது இப்படி. டிக்கட் எடுப்பதற்கு முன்னால், போகப்போகிற விமானக் கம்பனியின் திட்டத்தில் சேர்ந்து உறுப்பினர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசியிலேயே பத்து நிமிட வேலை, வீட்டில் ஓ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் ஐந்து நிமிடம். டிக்கட் போடுகிறவரிடம், “நானா, இந்த நம்பரயும் டிக்கட்டுல போட்டுத் தாங்க” என்று சொல்லுங்கள். மறந்துவிட்டால் விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கும் மேசையிலும் சொல்லலாம். அங்கும் மறந்துவிட்டால், போர்டிங் பாஸ் துண்டையும் டிக்கட்டையும் பத்திரமாக வைத்திருந்து சில மாதங்களுக்குள் கேட்டு வாங்கலாம். சேர்வதற்கு நெடுநாள் முன்னே பறந்த பயணங்கள் மட்டும் திரும்பி வரமாட்டா.

இங்கே நம் மக்கள் இடறும் இடங்கள் இரண்டு.

ஒன்று, பெயர். கடவுச்சீட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்கிலும் இருக்க வேண்டும். முஹம்மது என்ற ஒரே பெயரை நாம் எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறோம்! பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பாடசாலையில் ஒன்று. வாப்பாவின் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதில் இன்னொரு குழப்பம். தோட்டத்துச் சகோதரிகளுக்கும் இதே தொல்லை. தோட்டத்தில் பதிந்த பெயர் ஒன்று, அழைக்கிற பெயர் ஒன்று. கணக்கின் பெயரும் டிக்கட்டின் பெயரும் பொருந்தாவிட்டால் மைல் ஏறாது. கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, கைபேசி எண். அநேகர் கணக்கைத் தாங்களே திறப்பதில்லை, டிக்கட் எடுத்துக் கொடுக்கும் இடைத்தரகர் தன் மின்னஞ்சலையும் தன் எண்ணையும் போட்டுத் திறந்து கொடுத்துவிடுவார். அல்லது சவூதியில் இருக்கும்போது அங்குள்ள சிம் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் வந்ததும் அந்த சிம் செத்துவிடும். பிறகு கணக்கைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டால், அது யாருடைய கைக்கோ போகும், அல்லது எங்குமே போகாது. ஊரிலுள்ள பிள்ளையின் அல்லது கணவரின் நிலையான எண்ணையும், உங்களுக்கென்றே திறந்த ஒரு மின்னஞ்சலையும் கொடுங்கள்.

இனி அரைப் பேர் விஷயத்துக்கு வருவோம். விமானத்திலும் அரைப் பேர் உண்டு. பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு போகும் இருவருக்கு ஒரே அளவு மைல் சேர வேண்டும் என்றில்லை. டிக்கட்டில் வகுப்பைக் குறிக்க ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். மலிவான எழுத்தென்றால் பறந்த தூரத்தில் பாதியோ காற்பங்கோதான் எழுதுவார்கள். சில கம்பனிகள் தூரத்தை விட்டுவிட்டு, கொடுத்த கட்டணத்தைப் பார்த்தே எழுதுகின்றன. உம்ராக் குழுக்களுக்கு மொத்தமாக எடுக்கும் டிக்கட்டுகளுக்கும், தொழிலாளருக்கென்று மலிவாகத் தரும் சில டிக்கட்டுகளுக்கும் பெரும்பாலும் ஒன்றுமே கிடைக்காது. முழுப் பேரா, அரைப் பேரா, பேரே இல்லையா என்று டிக்கட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பசறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ரியாதுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து ரியாதுக்கு ஏறத்தாழ 2,500 மைல். போய்வர 5,000. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறார். பன்னிரண்டு வருடத்தில் ஆறு தடவை. முழுப் பேர் விழுந்தால் 30,000 மைல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ் போன்றவற்றில் மைலுக்கு ஆயுள் ஏறத்தாழ மூன்று வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பறக்கிறவரின் கையில் எந்த நேரத்திலும் இரண்டு பயணத்து மைலுக்கு மேல் தங்காது. பாதி டிக்கட் மைலானால் 5,000. இதைக் கொண்டு உம்மாவை ஜித்தாவுக்கு அனுப்பிவிட முடியாது. யாராவது முடியும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

தனி ஆளுக்கு இது சில்லறை. குடும்பத்துக்கு அப்படியல்ல. நம் ஊர்களில் ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் வெளியே இருப்பது அபூர்வம். மூத்தவர் துபாயில், மருமகன் அபூதாபியில், தங்கை ரியாதில் என்று இருப்பார்கள். எமிரேட்ஸும் கட்டாரும் குடும்பக் கணக்கு என்று ஒன்றை வைத்திருக்கின்றன. குடும்பத் தலைவரின் பெயரில் திறந்து, எல்லோருடைய மைலும் ஒரே உண்டியலில் விழும்படி செய்யலாம். இரண்டு வயது கடந்த பிள்ளைக்கும் டிக்கட் எடுக்கிறோமல்லவா, அந்தப் பிள்ளையின் மைலும் அதில் சேரும். வருடத்துக்கு நான்கைந்து பயணங்கள் ஓர் உண்டியலில் விழுந்தால் காலாவதியாகுமுன் உருப்படியாக ஒன்று தேறும், இன்ஷா அல்லாஹ்.

அப்படிச் சேர்க்க வேண்டுமானால் எல்லோரும் ஒரே உண்டியலைப் பார்த்துப் போட வேண்டும். இங்கு கொஞ்சம் யோசித்தால் இலாபமுண்டு. ஸ்ரீலங்கன் 2014 மே முதலாம் திகதி முதல் ‘வன்வேர்ல்ட்’ என்ற கூட்டமைப்பில் இருக்கிறது. கட்டாரும் அதில்தான். ஆகவே ஒரு தடவை ஸ்ரீலங்கனிலும் அடுத்த தடவை கட்டாரிலும் போகிறவர் இரண்டு எண் வைத்திருக்கத் தேவையில்லை. இரண்டில் ஒன்றில் எல்லாவற்றையும் எழுதலாம். எமிரேட்ஸ் எந்தக் கூட்டமைப்பிலும் இல்லை. ஆனால் ஃப்ளைதுபாயில் பறந்தாலும் ஸ்கைவார்ட்ஸில் எழுதலாம். சவூதியா ‘ஸ்கைடீம்’ கூட்டத்தில் இருக்கிறது. தமிழகத்து வாசகர்களுக்கு எயார் இந்தியா ‘ஸ்டார்’ கூட்டத்தில். உங்கள் வீட்டார் அதிகம் போவது எந்தப் பக்கம் என்று பார்த்து ஒன்றைப் பிடியுங்கள். நான்கு கம்பனியில் நான்கு கணக்கு வைத்து நான்கிலும் ஆயிரம் ஆயிரம் என்று கிடந்து காலாவதியாவதில் பிரயோசனமில்லை.

சேர்ந்ததை எதில் செலவழிப்பது? முழு டிக்கட்டுக்குப் போதாவிட்டால், சில கம்பனிகளில் சில ஆயிரம் மைலைக் கொடுத்துக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழிக்கலாம். சிலவற்றில் மேலதிகப் பொதி வாங்கலாம். அடிக்கடி பறந்து மேல்நிலை உறுப்பினராகிவிட்டால் கூடுதல் கிலோ இலவசமாகவே தருவார்கள். இதன் அருமை ஊவாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜித்தாவிலும் குவைத்திலும் விமான நிலையத் தரையில் பெட்டியைப் பிரித்துப் போட்டு, பிள்ளைக்கு வாங்கிய சப்பாத்தை எடுப்பதா, உம்மாவுக்கு வாங்கிய போர்வையை எடுப்பதா என்று கண்ணீரோடு நிற்கும் சகோதரிகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். மடுவத்துத் தராசுக்கு நாள்தோறும் கிலோ போதவில்லை; விமான நிலையத் தராசுக்கோ கிலோ கூடிவிட்டது!

மைலில் எடுத்த டிக்கட்டானாலும் வரியும் இதர கட்டணங்களும் காசாகக் கட்டத்தான் வேண்டும். ரமழானிலும் பாடசாலை விடுமுறையிலும் அத்தகைய ஆசனம் கிடைப்பது கஷ்டம். மாதங்களுக்கு முன்பே பார்த்து வையுங்கள்.

இனி நம் மார்க்கம் சம்பந்தப்பட்ட பக்கம். இந்த மைல் ஹலாலா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்பது நல்ல விஷயம். பறந்ததற்காக விமானக் கம்பனி தருவதை, விற்பவர் வாங்குபவருக்குத் தரும் தள்ளுபடியாகவோ அன்பளிப்பாகவோ கருதி ஆலிம்கள் பலர் அனுமதிக்கிறார்கள். உங்கள் மனதில் ஐயமிருந்தால் உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஆனால் கடனட்டை வழியாக மைல் சேர்ப்பது வேறு கதை. பெரிய மைல்கள் அங்குதான் இருக்கின்றன என்பது உண்மை. மேல்நாடுகளில் இதையே ஒரு தொழில்போல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வங்கி அந்த மைலை எந்தப் பணத்திலிருந்து தருகிறது? மாதக் கடைசியில் கட்டத் தவறியவர்களின் வட்டியும் அதில் இருக்கிறது. ஒரு மாதம் நீங்களே தவறினால் வட்டி கொடுப்பவராகிவிடுகிறீர்கள். இருபதாயிரம் மைலில் வந்த இலாபம் அந்த ஒரு மாதத்திலேயே கரைந்துவிடும். பரக்கத் போனது தனி. கடனட்டையை இதற்காக எடுக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இலங்கையில் 2011 முதல் அமானா வங்கி வட்டியில்லா முறையில் இயங்குகிறது. அட்டை வேண்டியவர்கள் தம் கணக்கிலுள்ள பணத்தையே செலவழிக்கும் பற்று அட்டையோடு நின்றுகொள்ளலாம். மைல் வராது, போகட்டும்.

மைலை விலைக்கு வாங்குகிறோம் என்று வருகிறவர்களிடமும் போகாதீர்கள். மைலைப் பிறருக்கு விற்கக்கூடாது என்பது சேரும்போதே நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனை. கண்டுபிடித்தால் கணக்கையே மூடிவிடுவார்கள். மைல் சேரட்டும் என்று தேவையில்லாமல் பறப்பதும், ஐயாயிரம் ரூபாய் மலிவான டிக்கட்டை விட்டு விலை கூடியதை எடுப்பதும் வீண்விரயம். மலிவான டிக்கட் கிடைத்தால் அதையே எடுங்கள்; எண்ணை மட்டும் மறக்காமல் கொடுங்கள்.

ஊவாக்காரர்களுக்கு விமான நிலையம் தூரம் என்பது இன்னொரு குறை. 2013 மார்ச்சில் மத்தளையில் சர்வதேச விமான நிலையம் திறந்தபோது, வெல்லவாயப் பக்கத்தவர்களுக்கு அது கட்டுநாயக்கவைவிட எவ்வளவோ கிட்ட இருந்தது. துபாய்க்கு அங்கிருந்தே ஏறிவிடலாம் என்றார்கள். ஆனால் வழமையான சேவைகள் ஒவ்வொன்றாக விலகி, 2018இல் ஃப்ளைதுபாயும் நின்றது. எனவே பதுளையிலிருந்து புறப்படுகிறவர் இன்னமும் ஹப்புத்தளை, பலாங்கொடை, இரத்தினபுரி என்று இரவு முழுக்க இறங்கித்தான் விமானத்தைப் பிடிக்கிறார். அந்த மைல்களை எழுத எந்தக் கம்பனியும் இல்லை.

அந்த இரவு வேனில் ஏறுமுன் ஒரு வேலை செய்யுங்கள். உறுப்பினர் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கடவுச்சீட்டின் உறைக்குள் வையுங்கள். இன்னொரு பிரதியை வீட்டில் பிள்ளையிடம் கொடுங்கள். போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து, ‘உம்மாட கணக்குல ஏறியிருக்கா’ என்று அந்தப் பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். ஏறவில்லையென்றால் போர்டிங் பாஸ் துண்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, அன்றைக்கே கேட்டு எழுதுங்கள்.